கோராவின் துக்கம் ஹெஸ்டருக்கு மாற்றப்பட்டது

கிராண்ட் பசிபிக் ஸ்டுடியோவில் அம்மாவாக அழுவதற்கு ஒரு சமயத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் அனுமதி. கதாநாயகிகள் அழுவது வேறு விவகாரம். அவர்கள் மூக்கு சிவக்காமல், மை கலையாமல், கன்னத்தின் நடுவில் ஒரு சொட்டு விடுவார்கள். அந்தச் சொட்டுக்கு விளக்குப் போட ஒருவர், கிளிசரின் புட்டியோடு ஒருவர், சொட்டு கோணலாக இறங்கினால் துடைக்க ஒருவர். அம்மா அழுகைக்கு இந்த உபசாரமெல்லாம் கிடையாது. ரயில் கிளம்பும்போதும் சிறைக் கதவு சாத்தும்போதும் சமையல் அங்கியால் மூக்கைச் சிந்திக்கொண்டு தானாக அழ வேண்டும். அந்த வேலை கோரா டில்மனுடையது. நடிகர் தேர்வு அலுவலகத்தின் பச்சை அலமாரியில், "அம்மா: அழுபவர்" என்ற கார்டில் ஒன்பது வருடமாக அவள் பெயர்தான் இருந்தது.

பக்கத்துக் கார்டு "வீட்டுக்காரி: கோபம்". அதில், வாடகைக்காரர்களைத் திட்டுபவளாக, ஹெஸ்டர் லூமிஸ். ஒரு கார்டுக்கு ஒரு ஆள், ஒரு ஆளுக்கு ஒரு கார்டு. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த தேர்வு அதிகாரி வெண்டல் ஃபிப்ஸ், ஒரு படம் நின்றுபோனாலும் பொறுத்துக்கொள்வார், ஒரு கார்டு இடம் மாறி இருந்தால் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

ஹெஸ்டர் அயோவாக்காரி. பத்தொன்பது வயதில், கூடாரம் போட்டு ஊர் ஊராக நாடகம் நடத்தும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். சேர்ந்த முதல் வாரமே கிழவி வேடக்காரிக்கு வயிற்றுப்போக்கு. அகலமான முகம் யாருக்கு இருக்கிறது என்று முதலாளி பார்த்தார். ஹெஸ்டர் தலையில் பஞ்சு முடியை வைத்தார்கள். அன்று அறுபது வயதானவள், பிறகு இறங்கவே இல்லை. நிஜமாகவே நாற்பத்தாறு வயதானபோது அவள் இருபத்தேழு வருடமாகக் கிழவியாக இருந்தாள். பேசும் படம் வந்ததும் ஹாலிவுட் வந்து, பதினோரு வருடத்தில் எண்பத்து நான்கு படம். அதில் அறுபத்தொன்றில் ஒரே வேலை: கதவைத் திறந்து, "மாடியில என்ன கூத்து? இது கௌரவமானவங்க இருக்கற வீடு!" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவது. தெருவில் பார்ப்பவர்களுக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது. "நீங்க எங்க சித்தியோட ஓரகத்திதானே?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு நடப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

ஒப்பந்தப்படி அவள் எடை நூற்றெண்பது பவுண்டுக்குக் குறையக் கூடாது. திங்கட்கிழமைதோறும் ஸ்டுடியோ நர்ஸ் நிறுத்துப் பார்ப்பாள். ஒரு முறை காய்ச்சலில் ஒன்பது பவுண்டு குறைந்தபோது எச்சரிக்கைக் கடிதம் வந்தது, கூடவே இரண்டு டஜன் டோனட்டும் வந்தது.

கோராவும் ஹெஸ்டரும் ஃபவுன்டன் அவென்யூவில் ஒரே முற்றத்தைச் சுற்றிய சின்ன வீடுகளில் எதிரெதிரே குடியிருந்தார்கள். ஒன்றாக ட்ராம் ஏறுவார்கள். கோராவுக்கு ஒரே மகன், ராய். பேக்கர்ஸ்ஃபீல்டில் உருளைக்கிழங்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஊருக்கு வந்தால் ஹெஸ்டரின் காய்கறிப் பையையும் சேர்த்துத் தூக்கிவந்து வைத்துவிட்டு, "வீட்டுக்காரம்மா, ஒரு தடவை திட்டுங்களேன்," என்பான். அவள் அந்த வசனத்தைச் சொல்வாள். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

பிப்ரவரி மாதத்துப் பனிமூட்டத்தில் லாரி சாலையை விட்டு இறங்கியது. ராய்க்கு இருபது வயது.

கோரா மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். ட்ராமில் ஹெஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்டுடியோவுல மூச்சு விட்டுடாதேடி. விளம்பரப் பிரிவுல இருக்கானே, அந்த க்ராப்ட்ரீ, கல்லறைக்கே கேமராவைத் தூக்கிட்டு வந்துடுவான்."

"நான் ஏன்டி சொல்லப்போறேன்?"

"எனக்கு ஒரு சொட்டு வரல ஹெஸ்டர். அடக்கம் பண்றப்பகூட வரல. பக்கத்துல நின்னவங்க எல்லாம் அழறாங்க, நான் அவங்க எப்படி அழறாங்கன்னு பாத்துட்டு நிக்கறேன்."

அன்றைக்கு எடுக்க வேண்டியிருந்தது ரயிலடிக் காட்சி. மகன் பட்டணம் போகிறான், அம்மா அழுகிறாள். வீட்டுக்காரி வேடத்தில் ஹெஸ்டரும் பின்னால் நின்றாள். பதினோரு டேக் எடுத்தார்கள். கோராவின் கண் காய்ந்த ஓடையாகக் கிடந்தது. கிளிசரின் போடலாம் என்றால், "உண்மைக் கண்ணீர்!" என்று ஸ்டுடியோ சுவரொட்டியே ஒட்டியிருந்தது. படப்பிடிப்பு நின்றது. தேர்வு அலுவலகத்திலிருந்து ஃபிப்ஸே இறங்கி வந்துவிட்டார். காபிக் கடையோரம் ஹெஸ்டரைப் பிடித்தார்.

"நீங்கதான் அவங்க சிநேகிதி. கோராவுக்கு என்ன ஆச்சு?"

ஒன்றுமில்லை, ஒரு வாரம் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். உடம்பு சரியில்லை என்றும் சொல்லியிருக்கலாம். ஹெஸ்டர் சொன்னது வேறு.

"பாவம், அவளுக்குக் கண்ணீர் வத்திப்போச்சுன்னு நினைக்கறேன் மிஸ்டர் ஃபிப்ஸ்."

அதோடு வாயை மூடியிருந்தாலாவது பாதிப் பாவத்தோடு போயிருக்கும். மூடவில்லை.

"வேணும்னா, இன்னிக்கு ஒரு நாளைக்கு, நான் பண்ணிப் பாக்கறேன்."

முதல் டேக்கிலேயே அழுதாள். தேம்பித் தேம்பி அழுதாள். விளக்குக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள். கைதட்டல் கேட்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது, தான் அழுதது ராயை நினைத்து என்று. கோரா கேமராவுக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கோராவுக்குக் கடிதம் வந்தது. "தங்கள் துயரத்தை ஸ்டுடியோ ஒன்பது ஆண்டுகளாக மிகுந்த மகிழ்ச்சியுடன் பயன்படுத்தி வந்தது. இனி அது தேவைப்படாது என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். அடையாள வில்லையை வாசல் காவலரிடம் ஒப்படைக்கவும்." பச்சை அலமாரியில் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயர் எழுதப்பட்டது.

"நீ என்னடி பண்ணுவே? கூப்பிட்டா போகத்தானே வேணும்," என்றாள் கோரா. ஹெஸ்டரின் பதவி உயர்வுக்கென்று கேக் வேறு சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒப்பந்தப்படி அதை முழுசாகத் தின்றாக வேண்டும் என்று ஹெஸ்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தின்றாள்.

அதற்கப்புறம் ஒரு வருடத்தில் ஒன்பது படம். ஹெஸ்டர் ஜன்னலில் அழுதாள், துறைமுகத்தில் அழுதாள், தூக்குமேடைக்கு வெளியே மழையில் அழுதாள். படத் தொடக்கத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலில் முதன்முறையாகப் பெயர் வந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது மட்டும் முற்றத்து வழியாகப் போகாமல், குப்பைத்தொட்டி இருக்கும் பின்சந்து வழியாகப் போனாள். கோரா ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கினாள். கண்ணீர் வற்றிய அம்மா என்று எல்லா வாசலுக்கும் செய்தி போயிருந்தது. கடைசியில் கூட்டத்தில் நிற்கும் எக்ஸ்ட்ராவாகப் பெயர் பதிந்துகொண்டாள்.

இதற்கு மேல் தாங்காது என்று ஒரு நாள் ஹெஸ்டர் ஃபிப்ஸிடம் போனாள்.

"கோராவுக்குக் கண்ணீர் வத்தலை மிஸ்டர் ஃபிப்ஸ். நான்தான் அப்படிச் சொன்னேன். அவ இடத்துக்கு ஆசைப்பட்டுச் சொன்னேன். அவளைத் திரும்பக் கூப்பிடுங்க. மனசு அறுக்குது."

ஃபிப்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குற்ற உணர்ச்சியா? அதுக்குக் கார்டு இல்லையேம்மா. 'வருத்தம்' இருக்கு, 'ஏக்கம்' இருக்கு. ரெண்டுக்குமே ஆள் இருக்கு."

"நான் வேஷம் கேட்டு வரலை. நிஜத்தைச் சொல்ல வந்தேன்."

"நீங்க சொன்னதாலதான் கோரா போனாங்கன்னு நினைக்கறீங்களா? யாரோ சொன்னாங்கன்னு இந்த ஆபீஸ்ல எதுவும் நடந்ததே கிடையாது. மொதல்ல நடக்கும். அப்புறம்தான் யார் சொன்னதுன்னு எழுதிக்குவோம்." அவர் அலமாரியை வாஞ்சையோடு பார்த்தார். "உங்க பேரை அடிச்சா கார்டு காலியாயிடும். பத்து வருஷத்துல நான் ஒரு காலிக் கார்டு பாத்ததில்ல. மனசாட்சி சம்பந்தப்பட்டதெல்லாம் விளம்பரப் பிரிவு. ரெண்டாவது மாடி."

விளம்பரப் பிரிவில் லைல் க்ராப்ட்ரீ ஒரு கையால் சாண்ட்விச் தின்றுகொண்டு மறு கையால் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தான். ஹெஸ்டர் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லக் கூடாது என்று கோரா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதையும் சேர்த்துச் சொன்னாள். ராயைப் பற்றிச் சொன்னால்தானே கோரா ஏன் அழவில்லை என்பது புரியும்? அப்படித்தான் அந்த நிமிஷம் நினைத்தாள்.

க்ராப்ட்ரீ சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். அது நல்ல அறிகுறி என்று அவளுக்குத் தோன்றியது.

"பையனுக்கு என்ன வயசு?"

"இருபது."

"பாக்க எப்படி?"

"நல்லா இருப்பான். சுருட்டை முடி."

"கோரா இப்ப யார்கிட்ட ஒப்பந்தத்துல இருக்காங்க?"

"யார்கிட்டயும் இல்ல. அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்."

"அப்ப அந்தத் துக்கம் சும்மாதான் கெடக்கு," என்றான் க்ராப்ட்ரீ. அவள் எழுந்து போனதும் மறுபடி தட்டச்சு ஓடும் சத்தம் கேட்டது.

இரண்டு வாரம் கழித்துப் பத்திரிகை வந்தது. "திரையில் அழும் தாயின் திரைமறைவுத் துயரம்." ஹெஸ்டர் லூமிஸின் ஒரே மகன் ரே, பனிமூட்டத்தில் வண்டியோடு மறைந்தான். ராய் என்ற பெயரை ரே என்று மாற்றியிருந்தார்கள். உருளைக்கிழங்குக்குக் கம்பீரம் போதாது என்பதால், வண்டியில் ஒரு குழந்தையின் உயிரைக் காக்கும் மருந்து இருந்தது. திருமணமே ஆகாதவளுக்கு மகன் எப்படி என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று, கடலில் காணாமல்போன ஒரு கப்பல் தலைவனைக் கணவனாகவும் கொடுத்திருந்தார்கள். கூடவே ஒரு சுருட்டை முடிப் பையனின் படம். எந்தக் கூட்டக் காட்சியிலோ நின்றவன்.

ஹெஸ்டர் க்ராப்ட்ரீயிடம் ஓடினாள். "அடப் பாவி! அது கோராவோட பையன்!"

"ஆமாம். ஆனா கோரா சம்பளப் பட்டியல்ல இல்லையேம்மா. பட்டியல்ல இல்லாதவங்க துக்கத்தை நாங்க எப்படி வெளியிட முடியும்? சட்டச் சிக்கல் ஆயிடும்."

மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. நெப்ராஸ்காவிலிருந்து ஒருத்தி, பையன் போட்டுக்கொள்ள இனி வழியில்லை, நீங்களாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று பின்னிய காலுறை அனுப்பினாள். சுரங்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த இன்னொருத்தி எட்டுப் பக்கம் எழுதியிருந்தாள். ஹெஸ்டர் அந்த எட்டுப் பக்கத்தையும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து படித்தாள். வெட்கத்தில் அவளுக்கு உடம்பு கூசியது. சாப்பாடு இறங்கவில்லை. திங்கட்கிழமை ஏழு பவுண்டு குறைந்திருந்தது. டோனட் வந்தது.

எதிர்வீட்டில் கோரா ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடினாள். பத்து நாள் ஆகியும் அது திறக்கவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒருவர்: ஸ்டுடியோ அதிபர் அப்னர் ஸ்டோல்ட்ஸ். அவர் மேசை மூன்று படி உயரத்தில் இருக்கும். ஹெஸ்டர் கீழே நின்று, அண்ணாந்து பார்த்தபடி, மூன்றாம் முறையாக எல்லாவற்றையும் சொன்னாள். பாதியிலேயே ஸ்டோல்ட்ஸ் அழ ஆரம்பித்துவிட்டார். அந்த ஸ்டுடியோவில் கார்டு இல்லாமல் அழக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

"கண்ணு, இது ஸ்டுடியோ இல்ல, குடும்பம். குடும்பத்துல யாரையாவது வேலையை விட்டு நீக்குவாங்களா? கோராவை நாங்க நீக்கல. சாப்பாட்டு மேசையில அவளுக்கு நாற்காலி போடலை, அவ்வளவுதான். எங்கம்மா செத்த அன்னிக்கு நான் எங்க இருந்தேன் தெரியுமா? இதே நாற்காலியில. எழுந்து போனேனா? போகல. ஏன்? இந்த நாட்டுல இருக்கற ஒவ்வொரு அம்மாவும் என் அம்மா. டிக்கெட் வாங்கற ஒவ்வொருத்தியும்!" மூக்கைச் சிந்தினார். "உனக்கு உண்மையைச் சொல்லணும், அவ்வளவுதானே? இந்த ஸ்டுடியோவுல உண்மைக்கு யார் தடை போட்டா? அடுத்த ஞாயித்துக்கிழமை அன்னையர் தின விருந்து. உனக்கு 'நாட்டின் தாய்' பட்டம் கொடுக்கறோம். செய்திப்படக்காரங்க வராங்க. நாடே பாக்கும். எழுந்து நின்னு சொல்லு!"

ஹெஸ்டருக்கு நம்ப முடியவில்லை. கையெடுத்துக் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டு வந்தாள். ஒரு வாரம் முழுக்கக் கண்ணாடியைப் பார்க்காமலேயே சொல்லிப் பழகினாள். பார்த்தால் நடிப்பாகிவிடுமோ என்று பயம்.

விருந்து ஆறாம் எண் படப்பிடிப்புக் கூடத்தில். அழைத்த தாய்மார்கள் பாதிப் பேர் வராததால், ஃபிப்ஸ் அறுபது எக்ஸ்ட்ராக்களை வரவழைத்துத் தொப்பி மாட்டி மேசைகளை நிரப்பியிருந்தார். மேடை ஏறிய ஹெஸ்டர் கூட்டத்தைப் பார்த்தாள். பத்தொன்பதாவது மேசையில், நீலத் தொப்பியில், கோரா. ஒரு நாள் வேலைக்கு வந்திருந்தாள். சிவப்பு அட்டை காட்டும்போது கைதட்ட வேண்டும் என்பது வேலை.

ஹெஸ்டர் வாயைத் திறந்தாள். பழகி வைத்ததெல்லாம் போய்விட்டது.

"அந்தப் பையன்... என் பையன் இல்ல. அவன் ராய். ராய் டில்மன். கோராவோட பையன். உருளைக்கிழங்கு லாரி. நான் அவ வேலையை... ஒரு வார்த்தை சொல்லி... அப்புறம் அவ பிள்ளையையும் எடுத்துக்கிட்டேன். கோரா, நான்தான்டி..." மூக்கு ஒழுகியது. கைக்குட்டை கிடைக்கவில்லை. கடைசி வார்த்தை கரகரவென்று தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ஒலிப்பதிவுக்காரர் கையைத் தூக்கினார்.

"மன்னிக்கணும், மேல விமானம் போயிடுச்சு. 'அந்தப் பையன்'லேருந்து இன்னொரு தடவை. கேமரா ரெடி."

பதிவாகாத உண்மையால் கோராவுக்கு என்ன பயன்? நாடு பார்த்தால்தானே ராய் அவன் அம்மாவிடம் திரும்புவான்? இப்படி நினைத்துத்தான் ஹெஸ்டர் சம்மதித்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கைக்குட்டை கொடுத்தார்கள். முகத்தில் பவுடர் ஒற்றினார்கள். இருபத்தெட்டு வருடப் பழக்கம் முதுகெலும்பில் ஏறி உட்கார்ந்தது.

"அந்தப் பையன் என் பையன் இல்ல," என்று தொடங்கிக் கொஞ்சம் நிறுத்தினாள். குரலைத் தாழ்த்தி, "அவன் பேர் ராய்," என்றாள். உருளைக்கிழங்கு லாரியை இந்த முறை விட்டுவிட்டாள். 'கோரா' என்ற பெயரைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். வேண்டுமென்று செய்யவில்லை, தானாக அமைந்தது. சிவப்பு அட்டை காட்டுவதற்கு முன்பே கூடம் அதிரக் கைதட்டினார்கள்.

க்ராப்ட்ரீ மேடைக்குத் தாவி ஏறி நிருபர்களிடம் திரும்பினான். "பாருங்க! துக்கம் தாங்காம பெத்த பிள்ளையையே இல்லேங்கறாங்க! டாக்டர்கள் இதுக்கு ஒரு பேர் வச்சிருக்காங்க. மாலைப் பதிப்புக்கு சொல்றேன்."

"ஐயோ, நான் சொன்னது நிஜம்!" என்று ஹெஸ்டர் கத்தினாள். நிருபர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

ஸ்டோல்ட்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டார். "இது படம்டி கண்ணு! ரெண்டு தாய், ஒரு பிள்ளை! நீதான் துரோகம் பண்ணின சிநேகிதி. ஃபிப்ஸ், பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு யாரைப் போடலாம்?"

"அவளையே போடுங்க!" ஹெஸ்டர் பத்தொன்பதாவது மேசையைக் காட்டினாள். "அதோ, நீலத் தொப்பி. அவதான் கோரா. அவளுக்கு இந்த ஒரு வேலையாவது கொடுங்கய்யா, உங்க காலைப் பிடிச்சுக்கறேன்."

ஸ்டோல்ட்ஸ் கண்ணை இடுக்கி வெகுநேரம் பார்த்தார். ஃபிப்ஸும் பார்த்தார்.

"இல்ல," என்றார் ஸ்டோல்ட்ஸ். "பிள்ளை செத்தவ மாதிரியே இல்ல. யாரும் நம்ப மாட்டாங்க."

வெளியே எக்ஸ்ட்ராக்கள் தொப்பியைத் திருப்பிக் கொடுக்க வரிசையில் நின்றார்கள். கோரா கடைசி ஆளாக நின்றிருந்தாள். 'நாட்டின் தாய்' கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஹெஸ்டர் அவள் முன்னால் போய் நின்றாள். கோராவின் கண் வீங்கிச் சிவந்திருந்தது.

"அழுதியா?"

"அழுதேன். ராய் போனதுலேருந்து இன்னிக்குத்தான்." கோரா தொப்பியின் ஊசியைக் கழற்றினாள். "மொத தடவை நீ சொன்னப்ப ஒண்ணும் வரல. நீ நிஜமாத்தான் சொல்றேன்னு தெரிஞ்சுது. ஆனா வாய் குழறிச்சு, பாதி காதுல விழல, பக்கத்து மேசையில யாரோ ஏப்பம் விட்டாங்க. ரெண்டாவது தடவை சொன்னே பாரு, அப்ப உடைஞ்சுட்டேன். என் பிள்ளை செத்துட்டான்னு அப்பதான் எனக்கே உறைச்சுது." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதுல நீ அந்த லாரியை விட்டுட்டே. அவனுக்கு அந்த லாரின்னா உசிரு."

ஹெஸ்டர் கேடயத்தைத் தரையில் வைத்தாள். ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டாள்.

"என்னை மன்னிப்பியாடி?"

கோரா தொப்பியைக் காவலரிடம் நீட்டிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு திரும்பி, கோபமே இல்லாமல், தொழில் தெரிந்த ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"எந்த டேக்குக்கு?"

பதில் சொல்லுமுன் ஹெஸ்டர் ஒரு கணம் நிறுத்தினாள். அந்த நிறுத்தம் நன்றாக வந்திருந்தது. அது அவளுக்கும் தெரிந்தது, கோராவுக்கும் தெரிந்தது.